வண்டிக்கு யாரு எஜமான்? பெர்சி ஜிருவார்ங்கற ரயில்வே இன்ஜினியரோட கேஸ்

கண்ட்ரோல் ஆபீஸ்ல உக்காந்து வேலை பாத்தவங்களுக்குத் தெரியும், ராத்திரி ரெண்டு மணிக்கு போன் அடிச்சா பாதி நேரம் அது வண்டி ஓடறதப் பத்தின போனா இருக்காது, யாரோ ஒரு பெரிய கை "என் ரேக்க முதல்ல தள்ளி விடுப்பா"ன்னு அதிகாரமாக் கேக்கறதாத்தான் இருக்கும். அவரு பேச்சக் கேட்டு ஒரு கூட்ஸ முன்னாடி விட்டா, பின்னாடி நாலு ஸ்டேஷன்ல வண்டிங்க ஒதுங்கி நிக்கற லூப் லைன் அடைச்சிக்கும், அத அவிழ்த்து விடறதுக்குள்ள பொழுது விடிஞ்சிடும். ரிட்டயர் ஆனப்புறம் பழைய ரயில்வே விஷயங்களத் தேடித் தேடிப் படிச்சேன், அதுல ஒருத்தர் மட்டும் மனசுல ஒட்டிக்கிட்டாரு. நான் பட்ட அதே அவஸ்தைய 1899-லயே, அதுவும் சண்டைக்கு நடுவுல, ஜெனரல்ங்ககிட்டப் பட்ட மனுஷன். பேரு பெர்சி ஜிருவார், கனடாக்காரர்.

இவரப் பத்திப் பேசறவங்க பெரும்பாலும் பாலைவனத்துல தண்டவாளம் போட்ட கதையோட நிறுத்திடுவாங்க. அது நல்ல கதைதான், நானும் சொல்றேன். ஆனா எனக்கு அவரோட பெரிய வேலைன்னு படறது வேற. ராணுவத்துக்கும் ரயிலுக்கும் நடுவுல ஒரு கோடு போட்டு, இந்தக் கோட்டத் தாண்டி எந்தக் கொம்பனும் வண்டிக்கு உத்தரவு போடக்கூடாதுன்னு எழுதி வெச்சாரு பாருங்க, அதுதான். அப்புறம் கவர்னர் ஆனப்போ அந்தக் கோடு அவருக்கே கண்ணுக்குத் தெரியாமப் போயிடுச்சு, அதையும் சேத்துத்தான் பாக்கணும்.

1867-ல மாண்ட்ரியல்ல பொறந்தவரு. அப்பா தெசிரே ஜிருவார் வக்கீல், எம்.பி., பின்னாடி கனடா சுப்ரீம் கோர்ட் ஜட்ஜ். அம்மா வழி ஐரிஷ். அதனால வீட்லயே பிரெஞ்சு, இங்கிலீஷ் ரெண்டும். கிங்ஸ்டன் மிலிட்டரி காலேஜ்ல 1886-ல முடிச்சிட்டு ரெண்டு வருஷம் கனடியன் பசிபிக் ரயில்வேல லைன் போடற வேலை, 1888-ல பிரிட்டிஷ் ராணுவத்துல ராயல் இன்ஜினியர்ஸ்ல கமிஷன். 1890-லேர்ந்து அஞ்சு வருஷம் லண்டன் பக்கத்துல வுல்விச் ஆயுதத் தொழிற்சாலைக்குள்ள ஓடற ரயிலுக்கு டிராபிக் பொறுப்பு. ஃபேக்டரி சைடிங் வேலைதானேன்னு யாரும் அத மதிச்சு எழுதறதில்ல. ஆனா பீரங்கியும் குண்டும் வெடிமருந்தும் ஒரே காம்பவுண்டுக்குள்ள நாள் பூரா ஷண்டிங் ஆகற எடத்துல அஞ்சு வருஷம் இருந்தவனுக்கு, எந்த வேகன் எங்க நிக்குது, ஏன் நிக்குதுங்கறது ரத்தத்துலயே ஊறிடும். என்னக் கேட்டா அவரோட நிஜமான படிப்பு அங்கதான் நடந்திருக்கு.

சூடானுக்குப் போறதுக்கு முன்னாடி இன்னொரு லைனப் பத்திச் சொல்லியாகணும். 1885-ல செங்கடல் ஓரத்துல சுவாகின் துறைமுகத்துலேர்ந்து நைல் நதிக்கரை பெர்பர் வரைக்கும் ஒரு ரயில் போடறேன்னு பிரிட்டிஷ்காரங்க எறங்கினாங்க. வேலைய லூகாஸ் அண்ட் எய்ர்டுங்கற தனியார் காண்ட்ராக்டர்கிட்டக் குடுத்தாங்க, காவலும் கண்ட்ரோலும் ராணுவத்துக்கிட்ட. ஒரு லைனுக்கு ரெண்டு எஜமான். சுமார் 20 மைல் போட்டதோட ஊத்தி மூடிட்டாங்க. அந்தப் பகுதில டோஃப்ரெக்னு ஒரு எடத்துல நடந்த சண்டைல நம்ம மெட்ராஸ் சாப்பர்ஸ் ஆளுங்களும் இருந்தாங்க, தம்பிங்கன்னு ராணுவத்துல பேரு வாங்கினவங்க, நம்ம ஊர்க் குடும்பத்துப் பசங்க. அந்த ரயில் போகாமப் போனதுல அவங்க தப்பு எதுவும் இல்ல. மேல உக்காந்திருந்தவங்க யாருக்கு யாரு பதில் சொல்றதுன்னு முடிவு பண்ணாததுதான் கோளாறு.

அதே வருஷம் சூடான் தலைநகர் கார்ட்டூம், மஹ்திங்கற மதத் தலைவரோட கிளர்ச்சிப் படைகிட்ட விழுந்து, அங்க இருந்த பிரிட்டிஷ் ஜெனரல் கார்டன் செத்தாரு. பதினோரு வருஷம் கழிச்சு, 1896-ல, பிரிட்டிஷ் தளபதி கிச்சனர் தலைமைல எகிப்து ராணுவம் மறுபடி தெக்க எறங்குது. நைல்ல அங்கங்க பாறை அருவி, படகு நேராப் போகாது. வாடி ஹல்ஃபாலேர்ந்து தெக்க சரஸ் வரைக்கும் பழைய லைன் கொஞ்சம் உயிரோட இருந்துச்சு, அதுக்கு அப்பால மஹ்தி ஆளுங்க தண்டவாளத்தப் புடுங்கிப் போட்டுட்டு ஸ்லீப்பரையெல்லாம் அடுப்பெரிக்கக் கொண்டு போயிட்டாங்க. ஜிருவார், 29 வயசு லெப்டினன்ட், இதச் சரிபண்ண வர்றாரு. கையில இருந்த ரயில்வே பட்டாளம் சுமார் 800 பேர், அதுல எகிப்து ஆளுங்க, டிங்கா, ஷில்லுக் இனத்துக்காரங்க, சண்டைல புடிபட்டவங்க, ஜெயில் கைதிங்கன்னு கலவை. நிறையப் பேரு தண்டவாளத்தையே பாத்ததில்ல. ஸ்டேஷன் வேலைக்கு எழுதப் படிக்கத் தெரிஞ்ச ஆள் வேணுமே, அதுக்காக ஹல்ஃபால ரெண்டு பள்ளிக்கூடம் ஆரம்பிச்சாங்க. பள்ளிக்கூடம்னா கட்டடம் கிடையாது, ரெண்டு பேரீச்ச மரம், ஒவ்வொரு மரத்தடிலயும் 20 பேரு. டெலிகிராப், பாயிண்ட்ஸ் மாத்தறது, ரிஜிஸ்டர் எழுதறது எல்லாம் அந்த மர நிழல்லதான் கத்துக்கிட்டாங்க.

ஆகஸ்ட்ல மழை. அந்தப் பக்கம் மழையே பெய்யாதுன்னு நெனச்சுப் போட்ட கரை, ஒரே அடில 12 மைல் அடிச்சிக்கிட்டுப் போயிடுச்சு. சில எடத்துல கரை கரைஞ்சு தண்டவாளம் மட்டும் அந்தரத்துல தொங்கிக்கிட்டு நின்னுச்சாம். அஞ்சாயிரம் ஆளுங்களப் போட்டு ஒரு வாரத்துல திருப்பி ஓட விட்டாங்க. இப்படி வெள்ளத்துல அறுந்து பிரீச் ஆன லைன நேர்ல பாத்தவங்களுக்குத் தெரியும் ஒரு வாரம்னா என்ன வேலைன்னு.

இப்ப பாலைவனம். ஆத்த ஒட்டியே போனா நைல் ஒரு பெரிய வளைவு சுத்தும். வாடி ஹல்ஃபாலேர்ந்து அபு ஹமதுக்கு நேர்க் கோடு போட்டா 230 மைல், சென்னைலேர்ந்து கிளம்பித் திருச்சியும் தாண்டற தூரம், நடுவுல ஒரு ஊரு கிடையாது, ஒரு கெணறு கிடையாது. இது நடக்காதுன்னு கேட்ட நிபுணருங்க எல்லாரும் கையை விரிச்சாங்க. கிச்சனர் ஜிருவாரக் கூப்பிட்டு, என்னென்ன வேணும்னு கணக்குக் குடுன்னுட்டாரு.

இந்த எஸ்டிமேட்தான் எனக்குப் புடிச்ச எடம். ஹல்ஃபால ஆபீஸ்ல உக்காந்து ஒரு தடிப் புஸ்தகமே எழுதிட்டாரு. பின்னாடி அந்தச் சண்டைக்கே வந்து பாத்த வின்ஸ்டன் சர்ச்சில் சொல்றதப் பாத்தா, வேலை நடந்த காலம் பூரா ஒரு துண்டு பித்தளைக் கம்பி இல்லன்னுகூட வேலை நின்னதில்லையாம். நானும் எஸ்டிமேட் எழுதியிருக்கேன், எவ்ளோ பாத்துப் போட்டாலும் சைட்டுக்குப் போனப்புறம் "சார், இது இல்லையே"ன்னு ஒருத்தன் வந்து நிப்பான். கடைக்கு ஆளனுப்ப முடியாத பாலைவனத்துல அப்படி ஒருத்தன் வராம இருந்தான்னா, அந்த ஆளு தண்டவாளம், ஸ்லீப்பர்னு சரக்க மட்டும் கணக்குப் போடல, ஒவ்வொரு நாள் வேலையையும் மனசுக்குள்ள ஒரு தடவ ஓட்டிப் பாத்துட்டுத்தான் எழுதியிருக்காருன்னு அர்த்தம்.

தண்ணிக் கணக்க எடுத்துக்குங்க. ஸ்டீம் இன்ஜினுக்குப் போகவும் தண்ணி வேணும், திரும்பி வரவும் வேணும், வழில ஒரு சொட்டு கிடையாது. லைன் நீள நீள இன்ஜின் தனக்கே தண்ணி சுமக்க ஆரம்பிக்கும், ஒரு தூரத்துக்கு மேல வண்டி பூரா தண்ணிதான் இருக்கும், தண்டவாளம் ஏத்த எடம் இருக்காது. 1500 கேலன் டேங்க் 30 வாங்கி வேகன் மேல ஏத்தி ஹோஸ் பைப்பால ஒண்ணோட ஒண்ணு கோத்தாங்க. அதுக்குள்ள கேட்டர்னு ஒரு லெப்டினன்ட் சர்வேக்குப் போயி இங்க தோண்டிப் பாக்கலாம்னு அடையாளம் வெச்சிட்டு வந்திருந்தாரு. தோண்டினா 77-வது மைல்ல தண்ணி, 126-வது மைல்ல தண்ணி. வேற எத்தனையோ எடத்துல தோண்டியும் கிடைக்கல. இத அதிர்ஷ்டம்னுதான் சொல்லணும், ஆனா டேங்கையும் தயாரா வெச்சிக்கிட்டுத் தோண்டின ஆளுக்குக் கிடைச்ச அதிர்ஷ்டம்.

1897 ஜனவரி 1-ஆம் தேதி வேலை ஆரம்பம். ரயில் முனைல துணிக் கூடாரத்தாலயே ஒரு ஊரு, ரெண்டாயிரத்து ஐநூறு பேரு, ஸ்டேஷன், தபாலாபீஸ், கேண்டீன் எல்லாம் உண்டு, லைன் நகர நகர ஊரும் நகரும். காலைல தூரத்துல ஒரு கறுப்புப் புள்ளி தெரியும், அது பெருசாகி மெட்டீரியல் டிரெய்னா வந்து நிக்கும், 2500 கஜத்துக்கு வேணுங்கற தண்டவாளமும் ஸ்லீப்பரும் சாமானும் ஏத்திக்கிட்டு. மத்தியானம் சாப்பாட்டு வண்டி. ஒரே நாள்ல 5300 கஜம், அதாவது மூணு மைல், கரை கட்டித் தண்டவாளம் போட்டதும் உண்டு. ஜூலை 23 வாக்குல 103 மைல் ஆயிடுச்சு, அதுக்கு மேல போனா எதிரி கைக்குள்ளயே போயி நிக்கணும், ஏன்னா அபு ஹமது இன்னும் அவங்ககிட்டதான். ஆகஸ்ட் 7-ஆம் தேதி ஆத்து வழியாப் போன படை அபு ஹமதப் புடிச்சது, அக்டோபர் 31-ஆம் தேதி ரயில் அங்க போய்ச் சேந்தது. பத்து மாசம்.

கேஜ், அதாவது ரெண்டு தண்டவாளத்துக்கும் நடுவுல உள்ள அகலம், அதப் பத்தி ஒரு கதை சுத்துது. 3 அடி 6 அங்குலம், நம்ம பழைய மீட்டர் கேஜ விட ரெண்டரை அங்குலத்துக்குக் கொஞ்சம் மேல அகலம். கேப்டவுன்லேர்ந்து கெய்ரோ வரைக்கும் ஒரே ரயில்னு தென்னாப்பிரிக்காவுல பெரிய கையா இருந்த செசில் ரோட்ஸ் கண்ட கனவுக்காகத்தான் இந்த அளவு வெச்சாங்கன்னு சொல்லுவாங்க. ரோட்ஸ் பக்கத்துலேர்ந்து தென்னாப்பிரிக்காவுக்குன்னு செஞ்ச இன்ஜின் கிடைச்சது வாஸ்தவம். ஆனா ஹல்ஃபால 1870-கள்லயே போட்ட பழைய லைனும் இதே 3 அடி 6 அங்குலம்தானே, இருக்கற லைனோட சேத்துப் போடறவன் வேற கேஜா வெப்பான்? கனவெல்லாம் அப்புறமா ஒட்ட வெச்சதுன்னுதான் எனக்குத் தோணுது.

1898 ஜூலைல லைன் அட்பாரா வரைக்கும் போச்சு. பீரங்கிப் படகையே துண்டு துண்டா ரயில்ல ஏத்திக் கொண்டு போய் அருவிக்கு மேல சேத்து ஆத்துல எறக்கினாங்க. செப்டம்பர் 2-ஆம் தேதி ஓம்துர்மான். ஒரு காலைப் பொழுதுல மஹ்தி தரப்புல பத்தாயிரத்துக்கும் மேல செத்தாங்க, இந்தப் பக்கம் ஐம்பதுக்கும் கம்மி. அந்த மேக்சிம் துப்பாக்கிங்களும் தோட்டாப் பெட்டிங்களும் அங்க போய்ச் சேந்ததுக்கு இந்த லைன்தான் காரணம். ரயில்வேக்காரன்ங்கற பெருமைல இத விட்டுட்டுப் போக எனக்கு மனசு வரல. இன்னிக்கும் அந்தப் பாலைவன ஸ்டேஷன்ங்களுக்குப் பேரு கிடையாது, நம்பர்தான். லைன் கிளம்பின பழைய வாடி ஹல்ஃபா 1960-கள்ல அஸ்வான் அணைத் தண்ணில முழுகியே போச்சு.

சண்டை முடியறதுக்கு முன்னாடியே ஜிருவார எகிப்து ஸ்டேட் ரயில்வேக்குத் தலைவராப் போட்டுட்டாங்க, வயசு 31. அங்க ஒரு வருஷம் சொச்சம்தான் உக்காந்தாரு, 1899 அக்டோபர்ல தென்னாப்பிரிக்காவுல, அங்க குடியேறின டச்சு வம்சத்து போயர்ங்களுக்கும் பிரிட்டிஷ்காரங்களுக்கும் நடுவுல போயர் யுத்தம் வெடிச்சது, மிலிட்டரி ரயில்வே டைரக்டரா கேப்டவுன்ல போய் எறங்கறாரு.

இங்கதான் நான் மொதல்ல சொன்ன கோடு. கேப்டவுன்லேர்ந்து பிரிட்டோரியா ஆயிரம் மைலுக்கு மேல, பெரும்பாலும் சிங்கிள் லைன். ஒவ்வொரு ஜெனரலுக்கும் தன் படைதான் ஒசத்தி, தன் வண்டி மொதல்ல போகணும். வந்த வேகன எறக்காம குடோன் மாதிரி நிறுத்தி வெச்சிக்கறது வேற, நம்ம பாஷைல சொன்னா டெமரேஜே, அதாவது வேகன நிறுத்தி வெச்சதுக்கு அபராதமே, இல்லாத பார்ட்டி. ஜிருவார் போட்ட ஏற்பாடு இதுதான்: ஸ்டேஷன் மாஸ்டர், டிரைவர், கார்டு எல்லாரும் கேப் ரயில்வேல ஏற்கெனவே வேலை பாக்கற சிவிலியன்ங்களேதான், அவங்க பழையபடி அவங்க டிராபிக் மேனேஜருக்குத்தான் பதில் சொல்லணும். ராணுவத்துக்கு என்ன வேணுமோ அத ரயில்வே ஸ்டாஃப் ஆபீசர்னு நடுவுல நிக்கற ஒரு ராணுவ அதிகாரிகிட்டச் சொல்லணும். அவரு கேக்கறத ரயிலுக்குப் புரியற மாதிரி மாத்திக் குடுப்பாரு. எந்தக் கமாண்டரும் நேரா ஸ்டேஷன் மாஸ்டர்கிட்டப் போய் மிரட்டக் கூடாது. ராணுவம் என்ன வேணும்னு சொல்லலாம், எப்படிக் கொண்டு வர்றதுங்கறது ரயில்வே பாடு. கேக்க ரொம்பச் சாதாரணமா இருக்கும், நடைமுறைல இத நிலைநாட்டறதுக்குத் தோள்ல நட்சத்திரம் அதிகமா இருக்கறவங்களோட தெனம் மல்லுக்கு நிக்கணும். அமெரிக்க உள்நாட்டுப் போர்லயும் 1870 பிரெஞ்சு ஜெர்மன் யுத்தத்துலயும் ரயில் சிக்கிக்கிட்டு முழிச்ச பாடம் ஏற்கெனவே இருந்துச்சு. அத எடுத்து ஒரு முழு நாட்டு அளவுல நடத்திக் காட்டினது இவரு.

போயர்ங்க பின்வாங்கறப்ப ஆரஞ்சு நதி மேல இருந்த நார்வல்ஸ் பாண்ட் பாலத்த வெடி வெச்சுத் தகர்த்துட்டுப் போனாங்க. பிரிட்டிஷ் தலைமைத் தளபதி ராபர்ட்ஸோட படை 1900 மார்ச் 13-ஆம் தேதி புளூம்ஃபான்டைனுக்குள்ள போயிடுச்சு, ஆனா பின்னாடி பாலம் இல்ல. ஊர்ல டைஃபாய்டு வேற, ஆஸ்பத்திரிச் சாமான், சோறு, துணி எல்லாம் ஆத்துக்கு இந்தப் பக்கம். உடைஞ்ச பாலத்துக்குப் பக்கத்துல தாழ்வா ஒரு டைவர்ஷன் லைன் போட்டு மாசக் கடைசிக்குள்ள வண்டிய விட்டாங்க. வேலைல எறங்கினவங்கள்ல ஜோகன்னஸ்பர்க் தங்கச் சுரங்கத்துலேர்ந்து வெளியேறின மெக்கானிக், மைனர் பலபேரு உண்டு, ரயில்வே பயனியர் ரெஜிமென்ட்னு அவங்கள வெச்சே ஒரு படை சேத்திருந்தாங்க. நேட்டால் பக்கத்து அரசாங்க ரயில்வேல நம்மாளுங்க நிறைய, மெட்ராஸ்ல கப்பலேறி ஒப்பந்தக் கூலியாப் போனவங்க. மண்வெட்டியும் கடப்பாறையுமா லைன்ல வேலை பாத்த அவங்க பேரு எந்த மெடல் லிஸ்ட்லயும் வராது.

ஜூன் 5-ல பிரிட்டோரியா விழுந்ததும் யுத்தம் முடிஞ்சதுன்னு நெனச்சாங்க. போயர்ங்க கெரில்லாவா மாறி லைனையே குறி வெச்சாங்க. ஜூன் 7-ஆம் தேதி போயர் தளபதி டி வெட் ரூடேவால் ஸ்டேஷன்ல குவிஞ்சு கிடந்த சப்ளையெல்லாம் கொளுத்தினாரு. அதுக்கு ராபர்ட்ஸ் போட்ட உத்தரவு: எங்க லைன் அறுபட்டதோ அதுக்குப் பக்கத்துப் பண்ணை வீட்டக் கொளுத்து. கொஞ்ச நாள் ஊர்ப் பெரிய மனுஷங்களப் பணயமா ரயில்ல ஏத்தி ஓட்டவும் செஞ்சாங்க. அப்புறம் லைன் ஓரமா பிளாக்ஹவுஸ்ங்கற சின்னச் சின்னக் காவல் கோட்டை, கவச ரயில், லைன ஒட்டி முகாம்ங்க. அந்த முகாம்ங்கள்ல செத்த போயர்ங்க 26000-க்கும் மேல, பெரும்பாலும் பொம்பளைங்க, குழந்தைங்க. கறுப்பு ஜனங்களுக்குன்னு வெச்ச முகாம்ங்கள்லயும் பதினாலாயிரத்துக்குக் கொறயாம. இந்த உத்தரவுங்கள ஜிருவார் போடல. ஆனா ஆளுங்கள ஏத்திக்கிட்டுப் போனது அவரு கண்ட்ரோல்ல ஓடின வண்டிங்கதான். ராணுவம் என்ன வேணும்னு சொல்லும், எப்படிக் கொண்டு வர்றதுன்னு ரயில்வே பாத்துக்கும்னு போட்ட கோடு இருக்கே, அது ரயில்வேக்காரனுக்கும் அவன் மனசாட்சிக்கும் நடுவுல ஓடற கோடாயிடுச்சு. 1900-ல அவருக்கு சர் பட்டம் குடுத்தாங்க.

யுத்தத்துக்கப்புறம் அங்கயே ரயில்வே கமிஷனரா இருந்து 1904-ல விலகினாரு. 1907-ல வடக்கு நைஜீரியாவுக்கு ஆட்சித் தலைவராப் போனாரு, லுகார்டுங்கற பிரிட்டிஷ் அதிகாரிக்கு அடுத்து. நைஜர் நதிக்கரை பாரோலேர்ந்து கானோ வரைக்கும் சுமார் 350 மைல் லைன். இங்கிலாந்து மில்லுக்குப் பருத்தி வரணும்ங்கறதுதான் கணக்கு. 1911-ல வண்டி கானோ போச்சு, அடுத்த வருஷமே ஸ்டேஷன்ல மூட்டை மலையாக் குவிஞ்சது, பருத்தி இல்ல, நெலக்கடலை. ஹவுசா விவசாயி விலையப் பாத்துட்டு எது லாபம்னு தானே முடிவு பண்ணிட்டான். நைஜீரியால இவரு செஞ்ச இன்னொரு காரியம், நெலத்தத் தனியார் கைக்கு விடாமக் காக்கற சட்டத்துக்கு வழி போட்டது. அதே ஆள் 1909-ல கென்யாவுக்கு கவர்னராப் போயி நேர் எதிரா நடந்துக்கிட்டதுதான் எனக்கு இன்னும் ஜீரணிக்கல.

கென்யால மசாய் மக்கள 1904-லயே ஒரு தடவ வெள்ளைக்காரங்களுக்காக ரிஃப்ட் பள்ளத்தாக்கிலேர்ந்து கிளப்பி, வடக்க லைகிப்பியாவுலயும் தெக்க ஒரு எடத்துலயும் விட்டிருந்தாங்க, உங்க இனம் இருக்கற வரைக்கும் இது உங்களுதுன்னு எழுதிக் குடுத்து. ஏழு வருஷத்துல லைகிப்பியாவும் வேணும்னாங்க. 1911 ஏப்ரல்ல புது ஒப்பந்தம், பத்தாயிரம் பேரு வாக்குல, கூட லட்சக்கணக்குல ஆடு மாடு, எல்லாம் தெக்க நடக்கணும். நாலு வழியாக் கிளப்பினாங்க. மாவ் மலைச் சரிவுல மழையும் குளிரும், முன்னாடி போன மந்தை நின்னுடுச்சு, பின்னாடி வந்தது மேல வந்து மோதிச்சு, மேய்ச்சல் தீந்து போச்சு, மாடும் ஆளும் செத்தாங்க, பாதி வழில எல்லாத்தையும் நிறுத்தித் திருப்பி விட வேண்டியதாச்சு. ஒரு லைன்ல எத்தன வண்டி விடலாம், எங்க தண்ணி, எங்க கிராசிங்னு பித்தளைக் கம்பி வரைக்கும் கணக்குப் போட்ட மனுஷனோட ஆட்சில நடந்த டிராபிக் ஜாம் இது. வேகனுக்குப் போட்ட கணக்க மனுஷனுக்குப் போடல, அவ்ளோதான் சொல்ல முடியும். இதுக்கு நடுவுல லைகிப்பியா நெலத்த வெள்ளைக்காரங்களுக்குத் தர்றேன்னு முன்கூட்டியே வாக்குக் குடுத்தத லண்டன்ல மறைச்சது வெளிய வர, 1912-ல பதவிய விட்டுட்டு ஆம்ஸ்ட்ராங் விட்வொர்த்ங்கற பீரங்கிக் கம்பெனிக்கு மேனேஜிங் டைரக்டராப் போயிட்டாரு.

1914-ல உலக யுத்தம். அக்டோபர்ல, அப்ப யுத்த மந்திரியா இருந்த கிச்சனர் இவரத்தான் பிரான்ஸுக்கு அனுப்பிச்சாரு, ரயில் நெலவரம் பாத்துட்டு வான்னு. பிரெஞ்சு, பெல்ஜியம், பிரிட்டன் மூணும் சேந்து ஒரு கமிஷன் வெச்சு ரயில ஒரே கைல நடத்தணும்னு எழுதிக் குடுத்தாரு. யாரும் காது குடுக்கல. 1915 ஜூன்ல லாயிட் ஜார்ஜ் புதுசா ஆரம்பிச்ச மியூனிஷன்ஸ் இலாகாவுல டைரக்டர் ஜெனரல், ரெண்டு மாசம் தாக்குப் புடிக்கல, மந்திரியோட ஒத்துப் போகாம வெளிய வந்து திரும்ப ஆம்ஸ்ட்ராங் கம்பெனிக்கே போயிட்டாரு.

1916-ல பிரான்ஸ்ல சோம் சண்டை. துறைமுகத்துல கப்பல் எறக்க முடியாம நிக்குது, வேகன் பத்தல, இருக்கற வேகனும் பின்னாடி சைடிங்ல அடைஞ்சு கிடக்குது, குண்டு முன்னாடி போகல. அப்பத்தான் முழிச்சிக்கிட்டு எரிக் கெட்டிஸ்னு ஒரு சிவிலியன் ரயில்வே மேனேஜரக் கூட்டிட்டு வந்தாங்க, நம்ம நாட்டுல ரோஹில்கண்ட் குமாவோன் ரயில்வேல தொழில் கத்தவரு. ராணுவத்துல ஒரு நாள்கூட இருக்காத ஆளுக்கு மேஜர் ஜெனரல் யூனிஃபார்ம மாட்டி, அங்க பிரிட்டிஷ் தளபதியா இருந்த ஹெய்குக்கு மட்டும் பதில் சொன்னாப் போதும், நடுவுல எவனும் தலையிடக் கூடாதுன்னு டிரான்ஸ்போர்ட் பூராவையும் கைல குடுத்தாங்க. ஜிருவாருக்கு அப்ப வயசு 49.